கண்குழி எலும்பு உடைந்தவர்கள், கூட இருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கால்பந்து ஆடும்போது எதிரணிக்காரரின் முழங்கை என் இடது கண்ணில் இடித்துவிட்டது. இருவரும் ஒரே பந்துக்குத் தாவினோம், அவ்வளவுதான். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கியது, ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. ஐஸ் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை மூக்கில் ரத்தம் கலந்த சளி. வழக்கம்போல அழுத்திச் சிந்தினேன். சிந்திய வேகத்தில் இமை பலூன் மாதிரி உப்பிக் கண்ணே மூடிக்கொண்டது. தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் நறநறவென்று ஏதோ நொறுங்குவது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினேன்.

சிடி ஸ்கேனைத் திரையில் வைத்து மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கண்குழி ஒரே எலும்பில் குடைந்த பள்ளம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏழு எலும்புகள் ஒட்டுப்போட்டது போலச் சேர்ந்து, பின்னால் போகப்போகக் குறுகும் அறையாம் அது. கொள்ளளவு சுமார் 30 மி.லி. விழி அதில் பிடிக்கும் இடம் 7 மி.லி.தான். மீதியெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக் குழாய். நாம் தடவிப் பார்க்கிற விளிம்பு நல்ல கெட்டி. உள்ளே போனால் கதை வேறு. மூக்குப் பக்கச் சுவர் 0.2 முதல் 0.4 மி.மீ. வரைதான் இருக்குமாம். தரையும் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ.தான். இந்த இரண்டுக்கும் மறுபுறம் இருப்பது சைனஸ், அதாவது வெறும் காற்று.

எனக்கு உடைந்தது தரை. மூக்கைச் சிந்தியபோது சைனஸ் காற்று அந்த விரிசல் வழியாகக் கண்குழிக்குள் ஏறியிருக்கிறது. சில வாரம் மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்றார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் கன்னமும் மேலுதடும் மேல்பற்களும் மரத்துப்போய், சரியாக 5 மாதம் ஆனது. கன்னத்துக்குப் போகிற உணர்வு நரம்பு அந்தத் தரைக்குள்ளேயே ஓடுகிறதாம்.

*

அண்ணா, உங்களுக்கு வீக்கமாவது இருந்தது. என் மகனுக்கு அதுவும் இல்லை. வயது 9. விளையாட்டில் நண்பனின் முழங்கால் கண்ணில் பட்டது. கண் சிவக்கக்கூட இல்லை. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான், எழுந்தால் தலைசுற்றல். முதலில் போன இடத்தில் தலையில் அடிபட்டதால் வாந்தி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரவில் கட்டில் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கண் மட்டும் மேலே வந்தது. இன்னொன்று நடுவிலேயே நின்றுவிட்டது. "அம்மா, ரெண்டு அம்மா தெரியுது" என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாடித் துடிப்பு 48. பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, பெரியவர்களுடையதைப் போல நொறுங்காது. அடிபட்டதும் தரை ஒரு கதவு போலக் கீழே திறந்து, உடனே திரும்ப மூடிக்கொள்ளும். கண்ணைக் கீழே இழுக்கும் தசை அந்த இடுக்கில் எலிப்பொறியில் சிக்கியது போல மாட்டிக்கொள்கிறது. கண் தசை இழுபட்டால் இதயத் துடிப்பு குறையும், குமட்டும், மயக்கம் வரும். அதனால்தான் அந்த வாந்தி. சிக்கிய தசைக்கு ரத்தம் போகாமல் நின்றால் அது கெட்டுவிடும், காத்திருக்க நேரம் இல்லை என்று அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். இரட்டைப் பார்வை மறைய 4 மாதம் ஆனது. உச்சியைப் பார்க்கும்போது அந்தக் கண் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது.

பெற்றோர் யாராவது படித்தால், அடிபட்ட பிள்ளையின் தலையை அசைக்காமல் உங்கள் விரலை மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் நின்றுவிட்டாலோ, பார்க்கும்போது வாந்தி வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

*

எனக்கு நடந்தது வண்டி விபத்து. வீக்கம் இருந்தவரை இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது, மறுபரிசோதனைக்கும் போகவில்லை. மூன்று வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் வலது கண் உள்ளே போயிருந்தது. தரை இறங்கியதால் அறை பெரிதாகி, கொழுப்பு சைனஸுக்குள் சரிந்துவிட்டதாம். பிறகு டைட்டானியம் வலை வைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். தழும்பு இறுகிய பிறகு பிரித்தெடுப்பது கஷ்டமாம். இமைக்கு உள்பக்கம் கீறியதால் வெளியே தையல் தெரியவில்லை.

*

அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மூக்குப் பக்கச் சுவர்தான் மிக மெல்லியது, அப்படியிருக்கத் தரை ஏன் அதிகம் உடைகிறது என்று பலரும் கேட்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் சைனஸ் தேன்கூடு போலச் சிறு சிறு அறைகளாக இருந்து முட்டுக் கொடுக்கிறது. தரைக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை, ஒரே பெரிய வெற்றிடம்.

1957இல் ஸ்மித், ரீகன் என்ற இரு மருத்துவர்கள் இறந்தவரின் மூடிய இமை மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். விளிம்பு அப்படியே இருக்க, தரை உடைந்தது. கண்குழிக்குள் அழுத்தம் ஏறித் தரை கீழே வெடிக்கிறது என்பது அவர்கள் முடிவு. விளிம்பில் விழும் அடி தரையை வளைத்து முறிக்கிறது என்பது இன்னொரு விளக்கம். நான் பார்த்தவரை இரண்டும் கலந்தே நடக்கிறது. தரை உடைந்து அழுத்தம் வெளியேறுவதால் விழி வெடிக்காமல் தப்புவதும் உண்டு. அந்த மெல்லிய எலும்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நான் மிகவும் பயப்படுவது விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதற்கு. விழி முன்னால் பிதுங்கும், கல் போல இறுகும், கடுமையாக வலிக்கும், பார்வை மங்கிக்கொண்டே போகும். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். அங்கே ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்க மாட்டோம், இமையின் ஓரத்தை வெட்டி வழிவிடுவோம்.

*

நன்றி அக்கா. மறுபடி ஆடப் போகிறேன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டால் போதுமா?

*

சாதாரணக் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் அதுவே கண்ணைக் குத்தும். விளையாட்டுக்கென்றே பாலிகார்பனேட்டில் செய்த காப்புக் கண்ணாடி போடுங்கள், அது விளிம்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். ஸ்குவாஷ் ஆடுபவர்களும் இதைக் கட்டாயம் கேளுங்கள். கிரிக்கெட் பந்து 7 செ.மீ.க்கு மேல், பெரும்பாலும் விளிம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்து 4 செ.மீ., கண்குழி வாய்க்குள் அப்படியே பொருந்தி நேரே விழியில் போய் அடிக்கும்.