மறு: ஃபண்டஸ் – அடியா, கோடியா, முகடா?

அனைவருக்கும் வணக்கம். இரைப்பை, கருப்பை, பித்தப்பை போன்ற உறுப்புகளில் ஃபண்டஸ் (fundus) எனப்படும் பகுதிக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா எழுதியது:

> ஃபண்டஸ் என்றால் லத்தீனில் அடி. 'இரைப்பை அடி' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, அகராதிப்படி சரிதான். ஆனால் ஆள் நிற்கும்போது அந்தப் பகுதி இரைப்பையின் உச்சியில், இடப்பக்க உதரவிதானத்தை ஒட்டி இருக்கிறது. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தையும் தாண்டி மேலே. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்பாக ஒரு காற்றுக் குமிழ் தெரியுமே, அது அங்கேதான். 'அடி' என்று படிக்கும் மாணவர் தொப்புள் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த 'அடி' பானையின் அடி மாதிரி. வாய்க்கு எதிர்ப்பக்கம் என்று பொருள். கருப்பைக்கு வாய் கீழே, அதனால் ஃபண்டஸ் மேலே. பித்தப்பைக்குக் கழுத்து மேலே, ஃபண்டஸ் கீழே. கண்ணில் அது பின்சுவர். இரைப்பைக்கு இரண்டு வாய்; உணவு சிறுகுடலுக்கு இறங்கும் வாயிலிருந்து பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

அதனால்தான் நான் முதலில் 'கோடி' என்று யோசித்தேன். தெருக்கோடி மாதிரி இரைப்பைக்கோடி, கருப்பைக்கோடி, பித்தப்பைக்கோடி. மேல், கீழ் என்ற சிக்கலே இல்லை. (விழிக்கோடி என்றால் கடைக்கண்ணாகிவிடும். கண்ணை விட்டுவிடுவோம்.)

அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். எதுக்களிப்புக்கு ஓர் அறுவை சிகிச்சை உண்டு, 1956-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் வெளியிட்டது. ஃபண்டஸை இழுத்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றிப் போர்த்தித் தைப்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கோடி போர்த்தல்'! டாக்டர் வந்து "நாளைக் காலையில் உங்களுக்குக் கோடி போர்த்துகிறோம்" என்றால், நோயாளி இன்று இரவே கட்டிலை விட்டு ஓடிவிடுவார்.

ஆகவே நம் குழுவில் அம்மையார் ஒருவர் போன மடலில் சொன்ன 'முகடு' பக்கம் சாய்கிறேன். ஓட்டு வீட்டு முகட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 'முகட்டுச் சுற்றுத் தையல்' என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் பொருந்துகிறது: 20 வாரத்தில் கருப்பை முகடு ஏறக்குறைய தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும், அதற்குப் பின் அடிவயிற்றின் கீழ் எலும்பிலிருந்து அளந்த முகட்டு உயரம் சென்டிமீட்டரில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அத்தனை வாரம்.

ஒரு குறை உண்டு. மல்லாந்து படுத்தால் இரைப்பையில் அந்த முகடுதான் பள்ளம். குடித்த தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். ஆனால் உடற்கூறியலில் எல்லாரையும் நிற்கவைத்துத்தானே பெயர் வைக்கிறார்கள்? அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பித்தப்பைக்கு மட்டும் 'முகடு' ஒத்துவராது, அது கீழே தொங்குகிறது. அங்கே 'பித்தப்பைக்கோடி' என்றே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஒரு லத்தீன் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லா என்று ஐயா கேட்பீர்கள். சொல்லுங்கள், மறுப்பு இருந்தால் பேசுவோம்.