ஜவுளிக்கடையில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
என் அக்கா மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடமாகப் பட்டுப்புடவை செக்‌ஷனில் இருக்கிறாள். காலை 9.30க்குப் போனால் வீடு திரும்ப இரவு 10 ஆகிவிடும், ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். போன வாரம் கால் வீங்கிப்போய் கொலுசு கழலவில்லை, சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் கழற்றினோம். கெண்டைக்காலில் பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதே என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதாம், ஆனால் அதன்மேல் காலிப் புடவைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுவதில்லை, பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான், மாதக் கடைசியில் இன்சென்டிவ் கணக்குப் போடும்போது தெரியும் என்கிறாள். வேலையை விடச் சொன்னால் கேட்கமாட்டாள், பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். என்ன வழி?

பழைய கவுண்டர்:
தம்பி, நான் 11 வருடம் அந்த வேலை பார்த்தவள். கால்வலி வெளியே தெரியும். அக்காவிடம் தண்ணீர் குடிக்கிறாளா என்று கேளுங்கள். எங்கள் கடையில் பாத்ரூம் நாலாவது மாடியில், சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், போய்வர எத்தனை நிமிடம் ஆனது என்று பார்ப்பார்கள். அதனால் காலை டீக்கு அப்புறம் மதியச் சாப்பாடு வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். எங்கள் செக்‌ஷனில் நீர்க்கடுப்பு வராத பொண்ணே கிடையாது, மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கல்யாணக் கும்பல் வந்தால் நாற்பது புடவை விரித்துக் காட்டுவோம், அது தொழில், அதில் எனக்கு வருத்தமே இல்லை, மனசுக்குப் பிடித்துத்தான் செய்தேன். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கடையில் ஈ காக்கை இருக்காது, அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. யாருக்காக நின்றோம்?

சட்டம் தெரிந்தவன்:
தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். ஆக ஸ்டூலை வாங்கிப் போட்டு அதன்மேல் பெட்டி அடுக்கினால் சட்டப்படி நடந்ததாக ஆகாது. அதே 1947ஆம் வருடச் சட்டத்தில் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் இருக்கிறது, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. கேரளாவில் இந்த உரிமை 2018இலேயே வந்துவிட்டது. அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் ஆரம்பித்த 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்பு போராடி வாங்கியது. மேலே அந்த அக்கா பாத்ரூம் பற்றிச் சொன்னாரே, அவர்களும் முதலில் கேட்டது அதைத்தான். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், ஆனால் ஒற்றை ஆளாகப் போகவேண்டாம், அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.

ஈரோட்டுக்காரன்:
நான் பிளோர் சூப்பர்வைசர். பக்கத்தில் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தன், மறைக்க விரும்பவில்லை. கேமராவில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் மேலேயிருந்து எனக்குத்தான் போன் வரும். இரண்டு வருடம் முன்னால் எங்கள் பிளோரில் ஒரு பொண்ணு மயங்கி விழுந்தது, அப்புறம்தான் முதலாளியிடம் நேராகவே பேசினேன். இப்போது மதியம் கூட்டமில்லாத நேரத்தில் கவுண்டருக்கு இரண்டு பேர் முறைவைத்து உட்காருகிறார்கள், கஸ்டமர் வந்தால் எழுந்துகொள்கிறார்கள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. சாயங்காலம் அவர்கள் முகத்தில் இருக்கிற தெளிவு எனக்கே தெரிகிறது. உங்கள் அக்கா கடையிலும் முதலில் "2 முதல் 4 வரை" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நேரத்தைச் சொல்லிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

நைட் டூட்டி நர்ஸ்:
அந்த முடிச்சு நரம்புச் சுருட்டலாக இருக்கலாம், அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். இறுக்கமான காலுறையை டாக்டர் அளவு பார்த்துச் சொன்னபிறகு வாங்குங்கள், காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்னாலேயே போடவேண்டும். நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், ராத்திரி காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கட்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலியும் சூடும் இருந்தால் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போய்விடுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தண்ணீர் விஷயம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "ஆமாடா" என்றாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். செக்‌ஷனில் இன்னும் மூன்று பேரிடம் பேசிவிட்டாளாம், நாலு பேரும் சேர்ந்து 2 முதல் 4 வரை என்று கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நாளைக் காலையிலேயே அந்தப் பெட்டிகளை எடுத்து கொடவுனுக்கு அனுப்பிவிடப் போகிறாளாம்.