விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரத்தில், வெள்ளவத்தை மண்டபத்தில்: எது பிழையாகும்?

கொட்டாஞ்சேனைக்காரன்
வணக்கம். எங்கள் சனசமூக நிலையம் ஒரு வடமோடிக் கூத்தை (ஈழத்து நாட்டுக்கூத்தில் ஒரு பாணி) இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, ஞாயிறு மாலை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் மேடையேற்றப் போகிறது. 300 இருக்கைகள். ஆடுபவர்கள் 12 பேர், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், மத்தளம் ஒன்று, சல்லரி (கைத்தாளம்) ஒரு சோடி, பிற்பாட்டுக்கு (அடிகளைத் திருப்பிப் பாட) 4 பேர். நுழைவு இலவசம். தொண்டர்களாக 25 பேர் பெயர் தந்திருக்கிறார்கள். பழகியதெல்லாம் வெளியில், வட்டக்களரியில் (சனம் சுற்றியிருக்கும் வட்ட ஆடுகளம்). மைக் எத்தனை பிடிக்க வேண்டும்? அனுமதி எங்கே எடுப்பது? வேறு எதில் கவனம் வேண்டும்?

மத்தளத்தடி
தம்பி, முதலில் பிழையாகப்போவது மைக் இல்லை, தாளம். வட்டக்களரியில் அண்ணாவியாரும் பிற்பாட்டும் நடுவில் நிற்பார்கள். அவர்களைச் சுற்றி ஆடுபவருக்குச் சொற்கட்டு (தாளச் சொற்கள்) நேரே காதில் விழும். மண்டப மேடையில் அவர்களை ஓரத்துக்குத் தள்ளியதும், மறு கோடியில் ஆடுபவருக்கு மத்தளம் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோடு குழம்பித்தான் கேட்கும். தீர்மானம் போடும் (ஆட்டத்தைத் தாளத்தோடு முடிக்கும்) இடத்தில் கால் அரைத் தாளம் பிந்திவிடும். சனத்துக்குக் காரணம் தெரியாது, ஆட்டம் குலைகிறது என்பது மட்டும் தெரியும்.

ஆகவே அண்ணாவியார் குழுவை மேடையின் பின்நடுவில், அரை அடி உயரப் பலகையில் நிறுத்துங்கள். ஓரத்தில்தான் இடம் என்றால், எதிர்ப்பக்கத் திரை மறைவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து மத்தளத்தையும் அண்ணாவியார் குரலையும் மட்டும் அதில் விடுங்கள். ஆடுபவர்களின் மைக்கை அந்த ஸ்பீக்கரில் விட்டால் கூவத் தொடங்கும்.

மைக் கணக்கு: அண்ணாவியாருக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு, மத்தளத்துக்கு ஒன்று. மத்தள மைக்கை இரண்டு அடி தள்ளி வையுங்கள். 300 பேர் மண்டபத்தில் மத்தளம் தானாகவே கேட்கும், அதைக் கூட்டினால் பாட்டு அமுங்கிவிடும். சல்லரிக்கு மைக்கே வேண்டாம். ஆடுபவர்களுக்கு மேடை முன்விளிம்பில் நான்கு. உடுப்பில் குத்தும் மைக் கூத்துக்கு ஆகாது. கண்ணாடியும் மணியும் உரசி ‘கரகர’ என்று வரும். கையில் பிடித்தால் ஆட்டமே இல்லை. கன்னத்தோடு ஒட்டும் மைக்கை அரசனுக்கும் கட்டியகாரனுக்கும் மட்டும் எடுங்கள், புது பற்றரியோடு.

முன்விளிம்பு மைக்குகளில் சலங்கைக் காலின் ‘தொம் தொம்’ பெரிதாக விழும். ஒவ்வொரு தாங்கிக்கும் கீழே இரண்டு அங்குல ஸ்பொஞ் வைத்து, மிக்சரில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழான தடித்த ஒலியை வெட்டச் சொல்லுங்கள். பெரிய ஸ்பீக்கர்கள் மைக் வரிசைக்கு முன்னால், சனப் பக்கம் நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டு ‘எக்கோ’ கூட்டுகிற ஒலிக்காரர் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

திரைக்குப்பின்
மேடையில் கம்பளம் விரித்திருந்தால் சுருட்டி எடுத்துவிடுங்கள். சலங்கை சிக்கும், வெறுங்கால் திரும்பாது. பலகையில் துருத்தும் ஆணிகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஆறு பேர் ஒன்றாகச் சுற்ற 20 அடி அகலமும் 15 அடி ஆழமும் வேண்டும். குறைந்தால் நால்வராக ஆட்டத்தை மாற்றுங்கள், நெருக்கிப் பிடிக்க வேண்டாம். வட்டத்தை முழுதாக அடைக்காமல் சனப் பக்கம் திறந்த பிறையாக விட்டால் முகம் தெரியும்.

மங்கள விளக்கை மேடையில் ஏற்றாதீர்கள். திரி தூண்டும்போது சிந்துகிற எண்ணெயில்தான் முதல் வரவுக்காரர் (பாத்திரமாக ஆடி நுழைபவர்) வழுக்குவார். மேடைக்குக் கீழே, தட்டத்தின் மேல் வையுங்கள். ஏற்றும்வரை மின்விசிறியை நிறுத்த ஒருவரை விடுங்கள்.

வெளிச்சத்துக்கு மஞ்சளும் வெள்ளையும் போதும், இரண்டு பக்கத்திலிருந்தும் சரிவாக. மினுங்கும் கலர் விளக்குகள் கண்ணாடி உடுப்பில் பட்டால் முன்வரிசைக்குக் கண் கூசும். பழைய 1000 வாற்ஸ் விளக்கு என்றால் ஒரு 13 அம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் கூடாது (13 × 230, கிட்டத்தட்ட 3000 வாற்ஸ், மூன்று போட்டால் விளிம்பில்). பழைய மண்டபங்களில் உருண்டை முள் 15 அம்பியர் பிளக் இருக்கலாம். முன்கூட்டிப் போய்ப் பார்த்து அடாப்டரைக் கொண்டுபோங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் ஒரே வயரில் மின்சாரம் எடுத்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.

ஒப்பனைக்கு ஒருவருக்கு அரை மணி நேரம் பிடித்தால், 12 பேருக்கு 6 மணி நேரம். மூன்று ஒப்பனைக்காரர் இருந்தாலும் இரண்டு மணி நேரம், உடுப்புக் கட்ட இன்னும் அரை மணி. 5.30க்குத் திரை என்றால் 3 மணிக்கு முதலாள் கதிரையில் இருக்க வேண்டும். சாப்பாடு அதற்கு முன்னம். சைவ மண்டபம் என்றால் மாலுபாண் (மீன் பணிஸ்) பெட்டி வாசலோடு நிற்கட்டும்.

பதிவுக்காரி
ஒலிபெருக்கி அனுமதி அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில். மண்டபம் கொடுத்த கடிதமும் நிகழ்ச்சி நிரலும் கேட்பார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து வருகிறது. 9க்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். மேடையேற்றும் நாடகத்தின் பிரதிக்கு அனுமதி எடுக்கும் முறை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. கூத்துப் பாட்டுகள் அண்ணாவியார் கொப்பியில் கையெழுத்தாக இருந்தால் இப்போதே தட்டச்சுக்குக் கொடுங்கள், அங்கேதான் நாள் போகும். இலவசம் என்றபடியால் களியாட்ட வரி பிரச்சினை இல்லை. ‘நன்கொடை அட்டை’ வாசலில் விற்பதாக இருந்தால் முதலில் மாநகர சபையில் கேளுங்கள்.

பௌர்ணமி நாளையும், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களையும் நாட்காட்டியில் பார்த்து ஒதுக்குங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை வழக்கம், குடை வைக்க வாளிகள் தேவை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர்கள் 155ஆம் இலக்க பஸ்ஸில் வருவார்கள். இரவு செல்லச் செல்ல பஸ் குறையும், அதற்கும் சேர்த்துத்தான் 9 என்கிறேன்.

25 தொண்டர் தேவைக்கு அதிகம். வாசலில் 2, இருக்கை காட்ட 4, திரைக்குப் பின்னால் 3, உடுப்புக்கு 2, ஒழுங்கை முகப்பில் வாகனங்களைத் திருப்ப 2, தேநீருக்கு 2, ஒலிக்காரரோடு பிரதியைப் பார்த்துக்கொண்டு 1. ஆக 16, மாற்றாளாக 2. மிச்சப் பேரைச் சபையில் உட்கார வையுங்கள். வேலையில்லாமல் பக்கத் திரையில் நிற்கிறவர்தான் வரவுப் பாதையை மறிப்பார்.

கொட்டாஞ்சேனைக்காரன்
நன்றி அண்ணை, அக்கா. சுருக்குவதில் அண்ணாவியாருக்கும் இளசுகளுக்கும் இழுபறி. வரவுகளை வெட்டிவிடலாம் என்கிறார்கள் பெடியள்.

மத்தளத்தடி
வரவை வெட்டினால் மிஞ்சுவது பாட்டுக் கச்சேரி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை மேடைக்குச் சுருக்கியபோதும் ஆட்டத்தைத் தூக்கி எறியவில்லை. முதல் இரண்டு பாத்திரங்களுக்கு வரவு முழுதாக, மற்றவர்களுக்கு இரண்டிரண்டு நிமிடம். நேரத்தைத் தின்பது பிற்பாட்டின் திருப்பம்: ஒவ்வொரு அடியையும் இரண்டு மூன்று தரம் திருப்பிப் படிப்பதை ஒரு தரமாக்குங்கள். அதில் மட்டும் பெரும் பகுதி குறையும், கதையும் கெடாது.

பதிவுக்காரி
மிச்ச நேரத்தைப் பொன்னாடையில் விட்டுவிடாதீர்கள். தலைமையுரை 5 நிமிடம், ஒரே விருந்தினர், கௌரவிப்பெல்லாம் கூத்து முடிந்த பிறகு, ஆடியவர்கள் உடுப்போடு நிற்கும்போதே.