இந்த வருஷம் உங்களுக்குள் எதையாவது மாற்றிய புத்தகம், படம், குரல் எது?

கோத்தகிரி_கொழுந்து:

எல்லோருக்கும் வணக்கம். போன ஜனவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பெங்களூரில் 11 வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை, அம்மா, அப்பா, நான்.

வரும்போது ஒரு திட்டத்தோடுதான் வந்தேன், வாரம் ஒரு புத்தகம், வருஷத்துக்கு 52, அது போக நடக்கும்போது, சமைக்கும்போது எல்லாம் முன்னேற்றப் பேச்சுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது. மார்ச் மாதத்திலேயே அது நின்றுவிட்டது. அப்பாவைக் குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, இலை எடை போடப் போய் வந்த பிறகு காதுக்குள் ஒருவர் வேகவேகமாகப் பேசினால் எரிச்சல்தான் வந்தது. கடைசியில் மனதில் தங்கியது மூன்றே மூன்று.

முதலாவது ஒரு கட்டுரை. அமெரிக்காவில் டிம் அர்பன் என்பவர் 2015இல் எழுதியது, 'தி டெய்ல் எண்ட்' என்று பெயர். 18 வயது வரை பெற்றோரோடு அநேகமாகத் தினமும் இருந்தோம், அதற்குப் பிறகு வருஷத்துக்குப் பத்து நாள்தான் பார்க்கிறோம், அப்படியென்றால் பள்ளியை முடிக்கும்போதே அவர்களோடு நேரில் இருக்கக் கிடைத்த நேரத்தில் 93 சதவீதம் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நானும் என் கணக்கைப் போட்டேன். தீபாவளி, ஊர்த் திருவிழா, ஒரு கல்யாணம், கூட்டினால் வருஷத்துக்கு 12 நாள், 11 வருஷத்துக்கு 132 நாள். இந்த ஒரே வருஷத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அப்பாவோடு இருந்துவிட்டேன். வேலையை விட்டது சரியா தவறா என்று ராத்திரியில் புரண்டுகொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இரண்டாவது ஒரு ஜப்பானியப் படம், 'பெர்ஃபெக்ட் டேஸ்'. விம் வெண்டர்ஸ் எடுத்தது, 2023இல் வந்தது, அதில் நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்கள், அவ்வளவுதான் கதை. அவர் அதிகம் பேசுவதே இல்லை. அதனால்தான் அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது. மற்ற படங்களில் வசனம் ஓடும்போது அவர் முகம் வாடிப்போகும், இதில் அவரும் நானும் ஒரே அளவுக்குப் புரிந்துகொண்டோம். கரண்ட் போய்ப் போய் வந்ததால் மூன்று ராத்திரி ஆனது. அந்த மனிதர் வேனில் கேசட் போட்டுக் கேட்பதைப் பார்த்துவிட்டு, அப்பா இடது கையால் பரணைக் காட்டினார். அங்கே அவருடைய கேசட்டுகள் ஒரு தகர டப்பாவில் அப்படியே இருந்தன. இலைகளுக்கு நடுவே வெயில் ஆடுவதற்கு ஜப்பானில் கொமொரேபி என்று ஒரு சொல் இருக்கிறதாம், படத்தின் முடிவில் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காலை எட்டு மணிக்கு விழுவது அதேதான், இத்தனை வருஷம் பெயர் தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. 1963இல் வந்த நாவல், நீலகிரியில் படகர்களோடு பழகி எழுதியது. அப்பாவுக்கு ராத்திரி சத்தமாக வாசித்துக் காட்டினேன். ராகியும் சாமையும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வருகிற இடங்களில் அவர் கையை உயர்த்துவார், திரும்ப வாசிக்க வேண்டும். முடிக்க நான்கு மாதம் ஆனது.

உங்களுக்கு இந்த வருஷம் எது? நீண்ட பட்டியல் வேண்டாம், ஒன்றிரண்டு போதும், ஆனால் ஏன் என்று எழுதுங்கள். கை வேலையாக இருக்கும்போது கேட்கிற மாதிரி தமிழில் ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.


பூம்பாறை_பூண்டு:

தங்கச்சி, அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள். கேட்பதற்கு என்றால் எனக்கு எப்போதும் கோடைப் பண்பலைதான், 100.5. பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது வரப்பில் ரேடியோ இருக்கும். அதற்கு அப்புறம் மகன் ஃபோனில் போட்டுக் கொடுத்தது பவா செல்லதுரை கதை சொல்வது. கையில் காகிதம் இல்லாமல், ஊர் மந்தையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்கிறார். உன் நிலைமைக்கு அது பொருந்தும், அவசரமே இருக்காது.

ஆனால் என்னை மாற்றியது என்று கேட்டால் ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது, அவர் நிஜமாக வாழ்ந்த மனிதர், உங்கள் முதுமலையிலும் வேலை பார்த்திருக்கிறார். காட்டுக்குள் குடித்துவிட்டு உடைத்துப் போடுகிற பாட்டில் யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று அதில் வருகிறது. அத்தனை எடையும் அந்தக் கண்ணாடி மேல்தான் இறங்கும். சீழ் வைத்து, நடக்க முடியாமல், இரை தேட முடியாமல் நின்ற இடத்திலேயே செத்துப்போகும்.

தங்கச்சி, நான் 20 வருஷம் குடித்தவன். சோலைக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தவன். இந்தக் கை செய்தது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பழைய இடங்களுக்குப் போய் கண்ணாடி பொறுக்குகிறேன். எங்கள் பக்கம் காட்டெருமை அதிகம், அதுவும் அதே மண்ணில்தான் நடக்கிறது. இலைச் சருகைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும், நிறைய உள்ளே புதைந்து கிடக்கிறது. இப்போது என்னோடு பழைய கூட்டாளி ஒருவரும் வருகிறார்.


குன்னூர்_வாத்தியாரம்மா:

அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எட்டு மாதம் பெரிய விஷயம் அண்ணா, விட்டுவிடாதீர்கள்.

கொழுந்து, நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முன்னேற்றப் புத்தகங்கள் எல்லாமே வேகத்தைத்தான் சொல்லித் தருகின்றன என்பது சரியில்லை. ஜேம்ஸ் கிளியர் 2018இல் எழுதிய 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' எனக்கு நேர் எதிராகத்தான் உதவியது. புதிய பழக்கம் எதுவானாலும் முதலில் இரண்டு நிமிஷத்துக்குள் முடிகிற அளவுக்குச் சுருக்கு, ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையின் வாலில் அதைக் கட்டு என்கிறார். கணவர் போன பிறகு மூன்று வருஷம் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, புத்தகத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும். ஜூனில் பள்ளி திறந்ததும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தால் அது கொதிக்கும் வரை ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம்தான். கொதித்துவிட்டால் மூடிவிட வேண்டும்.

அப்படிப் படித்தது எஸ். ராமகிருஷ்ணனின் 'கதாவிலாசம்'. தமிழ் எழுத்தாளர் ஒருவரின் கதையை எடுத்து, அதோடு தன் வாழ்க்கையில் நடந்ததையும் சேர்த்து எழுதுவார், ஒவ்வொன்றும் சின்னது, அதனால் இந்த முறைக்கு ஒத்துவந்தது. அக்டோபரில் ஒருநாள் டீ கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். படிக்கிற பழைய நான் திரும்பி வந்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் படிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஊட்டி ரோட்டு வளைவில் புத்தகம் பிரித்தால் தலை சுற்றும், அங்கே காதுதான் வசதி.


லைன்வீட்டுப்_பேரன்:

கொழுந்து அக்கா, நான் கூடலூர் பக்கம். பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் குடியேறிய குடும்பம். தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் எழுதுவார்கள், பாட்டி அதற்கு முன்னால் இந்த மண்ணைப் பார்த்ததே கிடையாது.

என் புத்தகம் 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969இல் எழுதியது, தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்தது, 'பரதேசி' படத்துக்கும் இதுதான் அடிப்படை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிற கருப்பனும் வள்ளியும், முன்பணம், அடையாத கடன், காய்ச்சல், குளிர். அறுபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன், முடியவில்லை. ஆடி மாத மழையில் வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தபோது திரும்ப எடுத்தேன், பாட்டி என்னடா படிக்கிறாய் என்று கேட்டார். கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், எங்கள் தோட்டத்தில் மேஸ்திரி இல்லை, கங்காணி என்று ஆரம்பித்தார்.

26 வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அன்று சொன்ன எதுவும் எனக்குத் தெரியாது. கப்பலேறும்போது தாயின் அம்மிக் குழவியை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்தாராம். அது இன்றைக்கும் எங்கள் சமையல்கட்டில் இருக்கிறது, நான் அதில் தேங்காய் உடைத்திருக்கிறேன். மறுநாளிலிருந்து ஃபோனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். இதுவரை 14 பதிவு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கொழுந்து கிள்ளும்போது அம்மா காதில் மாட்டிக் கேட்கிறார், சில இடங்களில் நின்றுவிடுகிறார். நீங்கள் கேட்ட, கை வேலையோடு கேட்கிற ஒலி எனக்கு இதுதான்.


கோத்தகிரி_கொழுந்து:

பூம்பாறை அண்ணா, 'யானை டாக்டர்' நாளை நூலகத்தில் கேட்கிறேன். அடுத்த ராத்திரி வாசிப்பு அதுதான். வாத்தியாரம்மா, நீங்கள் சொல்வது சரி, என் கோபம் புத்தகத்தின் மேல் இல்லை, நான் வைத்துக்கொண்ட 52 என்ற எண்ணின் மேல்தான். ஒரு பக்கம் என்று ஆரம்பித்திருந்தால் மார்ச்சில் கைவிட்டிருக்க மாட்டேன்.

தம்பி, உன் பதிவைப் படித்து அம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது ஒன்பது சொற்கள் வருகின்றன, பேச்சுப் பயிற்சியில் ஒன்றொன்றாக வந்தவை, கடைசியாக வந்தது 'கவாத்து', தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு நாங்கள் சொல்வது. அதைப் பதிவு செய்து வைக்கலாம் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை. நீ எப்படிச் செய்கிறாய்? ஃபோன் போதுமா, மைக் ஏதாவது வாங்க வேண்டுமா?


லைன்வீட்டுப்_பேரன்:

ஃபோனே போதும் அக்கா. தகரக் கூரை என்றால் மழை இல்லாத நேரமாகப் பாருங்கள், குரல் அமுங்கிவிடும். ஃபோனை அப்பாவின் இடது பக்கம் தலையணை மேல் வையுங்கள், மேஜையில் வைத்தால் டம்ளர் சத்தமெல்லாம் ஏறும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நீங்களே தேதியைச் சொல்லிவிடுங்கள். என் முதல் ஃபோன் தண்ணீரில் விழுந்து மூன்று பதிவு போய்விட்டது, பாட்டியைத் திரும்பக் கேட்டேன், சொன்னார், ஆனால் அது வேறு மாதிரி இருந்தது. அதனால் அன்றன்றைக்கே இன்னொரு இடத்தில் ஏற்றிவிடுங்கள்.