பழைய தட்டச்சுப்பொறி விசைமுறையிலிருந்து தமிழ்99 விசைப்பலகைக்கு மாற வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தமிழ்த் தட்டச்சில் முதுநிலைத் தேர்ச்சி பெற்று, அச்சகமொன்றில் 26 ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைத்து வரும் எனக்கு வயது 51. அடுத்த மாதம் முதல் எல்லாப் பணிகளையும் யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையிலேயே செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கூறிவிட்டது.

'கொ' என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், பிறகு கால் என்றே பழகிப்போன என் விரல்களுக்கு, ககரத்தை அடித்தவுடன் ஒகரத்தை அடிப்பது இன்னும் வசப்படவில்லை. 'அக்கா' என்று எழுதும்போது ககரத்தை இருமுறை அடித்தாலே புள்ளி தானாக விழுந்துவிடுவது எனக்குப் பெரும் வியப்பு. ஆனாலும் கை புள்ளியைத் தேடிப் போகிறது.

பழைய முறையை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா, இரண்டையும் சில காலம் சேர்த்தே கையாளலாமா? என்னைப் போல் நடுவயதில் மாறியவர்கள், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம், எத்தகைய பயிற்சிகளைக் கொண்டு பழகினீர்கள் என்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.