டிஎச் வீரர் கேட்ச்சராக இறங்கினால் பிட்சர் ஏன் அடிக்க வர வேண்டும்?

விடியற்காலை ரசிகர்:
கிரிக்கெட்டில் ஊறிய நான் இரண்டு ஆண்டுகளாக அமெரிக்க பேஸ்பால் பார்த்து வருகிறேன். பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே டிஎச் எனப்படும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இருக்கிறார் என்பது புரிகிறது. அண்மையில் ஓர் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், விரலில் பந்து பட்டுக் கேட்ச்சர் (நம் விக்கெட் கீப்பர் போன்றவர்) வெளியேற, அடிக்கும் வரிசையில் நான்காம் இடத்தில் இருந்த டிஎச் வீரரே கவசம் மாட்டிக்கொண்டு கேட்ச்சராக இறங்கினார். அதன் பிறகு, கேட்ச்சர் அடித்து வந்த எட்டாம் இடத்தில் பிட்சரின் பெயர் ஏறியது. பெஞ்சில் இருந்த ஒருவரைப் புதிய டிஎச் ஆக்கியிருக்க முடியாதா?

எட்டாம் இடம்:
முடியாது. டிஎச் என்பவர் அணிக்குக் கிடைத்த பத்தாவது ஆள் அல்லர். பிட்சருக்காக மட்டும் அடிப்பவர். அவர் களத்தில் ஓர் இடத்தை ஏற்றவுடன் அந்தச் சலுகை அந்த ஆட்டம் முடியும்வரை போய்விடும். அவர் தம் நான்காம் இடத்திலேயே தொடர்ந்து அடிப்பார். வெளியேறிய கேட்ச்சரின் இடம் பிட்சர் தலையில் விழும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை மாற்றினால் மட்டுமே யார் எங்கே அடிப்பது என்பதை மேலாளர் தீர்மானிக்கலாம். பிட்சரின் முறை வரும்போது பெஞ்சிலிருந்து பிஞ்ச் ஹிட்டரை, அதாவது அவருக்குப் பதிலாக அடிக்கும் மாற்று ஆளை, அனுப்பலாம் என்றாலும், அந்தப் பிட்சர் மீண்டும் ஆட முடியாது. இரண்டே கேட்ச்சர்கள் உள்ள அணி இரண்டாமவரை டிஎச் ஆக்கத் தயங்குவது இதனால்தான். டிஎச்சுக்கே பிஞ்ச் ஹிட்டரோ பிஞ்ச் ரன்னரோ (பதிலுக்கு ஓடுபவர்) வந்தால் தொல்லையில்லை. வந்தவரே புதிய டிஎச்.

பழைய ஸ்கோர்கார்டு:
மாற்றமே செய்யாமல் டிஎச்சை இழந்த அணியும் உண்டு. 2009 மே 17 அன்று டாம்பா பே ரேஸ் மேலாளர் ஜோ மேடன் கொடுத்த பட்டியலில் இவான் லாங்கோரியா, பென் ஸோப்ரிஸ்ட் இருவருமே மூன்றாம் பேஸ் வீரர்களாகக் குறிக்கப்பட்டிருந்தனர். டிஎச் என்று எவருமில்லை. எதிரணியான கிளீவ்லாண்டின் மேலாளர் இதைச் சுட்டிக்காட்ட, லாங்கோரியாவின் மூன்றாம் இடத்தில் பிட்சர் ஆண்டி சொனன்ஸ்டைன் அடிக்க வேண்டியதாயிற்று. மனிதர் இரண்டாம் பேஸ்வரை ஓட வைக்கும் டபுள் ஒன்று அடித்து ஓர் ஓட்டமும் சேர்த்தார். ரேஸ் 7-5 என வென்றது!

தந்திரத்துக்கும் பஞ்சமில்லை. 1980இல் பால்டிமோர் மேலாளர் ஏர்ல் வீவர், அன்று பந்து வீசாத பிட்சர் ஒருவரின் பெயரை டிஎச் என்று எழுதிவிட்டு, அவர் முறை வரும்போது நிலைமைக்கேற்ற ஆளை அனுப்பி வந்தார். எதிரணி பிட்சரை மாற்றினாலொழிய, பட்டியலில் உள்ள டிஎச் ஒருமுறையாவது அடித்தாக வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

விடியற்காலை ரசிகர்:
நன்றி. அப்படியானால் பிட்சராகவும் அடிப்பவராகவும் ஆடும் ஷோஹெய் ஓட்டானி பந்துவீச்சை முடித்த பிறகும் அடிப்பது எப்படி?

எட்டாம் இடம்:
2022இல் வந்த விதிவிலக்கு அது. தொடக்கப் பிட்சரே டிஎச் ஆகவும் பெயர் கொடுத்தால், அவரை இரண்டு வெவ்வேறு ஆட்களாகக் கணக்கிடுவார்கள். பந்துவீச்சிலிருந்து எடுத்தாலும் அடிக்கலாம். ஆனால் டிஎச் ஆக மட்டும் தொடங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து வீச வந்தால் இந்தச் சலுகை கிடையாது. அணி டிஎச்சை இழந்துவிடும்.