மாலைதீவில் இரண்டாம் வகுப்புக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கடலோரத்துப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 26, மூன்று வருடமாகக் கொழும்பில் ஒரு தனியார் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறேன். மாலைதீவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், போன கிழமை சரி என்று பதில் வந்துவிட்டது. மாலேயில் இல்லை. வடக்குப் பக்கம் ஒரு சின்னத் தீவு, கூகுள் மேப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் கண்டுபிடித்தேன். இரண்டாம் வகுப்பு, ஒப்பந்தம் இரண்டு வருடம்.

சம்பளத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியும் கேட்காமலே சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. அங்கே வகுப்புக்குள் ஒரு நாள் எப்படிப் போகும்? இங்கே ஒரு பிள்ளைக்கு விளங்காவிட்டால் காதுக்குள் தமிழில் ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அதிபர் கண்டால் முகம் சுளிப்பார், ஆனாலும் எல்லா ரீச்சர்மாரும் செய்வதுதான். அங்கே அந்த வழியே இல்லையே. ஏழு வயசுப் பிள்ளை அழுதுகொண்டு வந்து ஏதோ சொன்னால், வயிற்றுவலியா, பக்கத்துப் பிள்ளை கிள்ளிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. இதை நினைத்துத்தான் இரவில் நித்திரை வருவதில்லை.

மற்றது அம்மா. முதலில் போகவே வேண்டாம் என்றவர் இப்போது மனம் மாறி, பிள்ளையார் சிலை, விளக்கு எல்லாம் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

சிங்களம் சுமாராக வரும், பஸ் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிற அளவுக்கு. அங்கே அதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும், சும்மா சொல்லி வைத்தேன்.

காலி வீதி மாமா எழுதியது:

பிள்ளை, கோபிக்க வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு அறையை எடுத்து வாசலில் இங்கிலிஷ் ரியூஷன் என்று போர்டு மாட்டினால் ஒரு மாதத்துக்குள் உட்கார இடம் இல்லாமல் பிள்ளைகள் வருவார்கள். காலை ஒரு செட், பின்னேரம் ஒரு செட். கடல் பார்க்க ஆசை என்றால் ரயில் பாதையைக் கடந்தால் கடல். இதற்கு எதற்கு விமானம் ஏற வேண்டும்?

மாசிச்சம்பல் எழுதியது:

மாமா சொல்வதில் காசுக் கணக்கு சரி, மற்றது சரியில்லை.

தங்கச்சி, நான் 2015 முதல் நான்கு வருடம் தெற்குப் பக்கம் ஒரு தீவில் இருந்தேன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்குத்தான் படிப்பித்தேன். நீங்கள் கடைசி வரியில் சும்மா சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பிடிக்கிறேன். அந்தப் பஸ் சிங்களம்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. மாலைதீவுக்காரர் பேசுகிற திவேஹி மொழி சிங்களத்துக்குத் தங்கச்சி முறை. எண்களைச் சொல்லிப் பாருங்கள்: சிங்களத்தில் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, அங்கே எகெ, தே, தினெ, ஹதரெ, ஃபஹெ. எங்கள் பானா அங்கே ஃபானா ஆகிவிடும், அவ்வளவுதான்.

நான் போன முதல் கிழமை, நீங்கள் பயப்படுகிற அதே விஷயம் நடந்தது. ஒரு சின்னவன் மேசைக்குக் கீழே இருந்து அழுகிறான், நான் முழங்காலில் குந்தி "வாட் ஹப்பின்ட், வாட் ஹப்பின்ட்" என்று கேட்கிறேன், அவன் இன்னும் கூட அழுகிறான். அவன் விக்கி விக்கிச் சொன்னதில் பண்டு, ரிஹே என்று இரண்டு சத்தம் மட்டும் எனக்குப் பிடிபட்டது. சிங்களத்தில் பட ரிதெனவா என்றால் வயிறு நோகிறது, உங்களுக்குத் தெரியும்தானே. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், தலையை ஆட்டினான். கொழும்பில் இருந்தபோது சிங்களம் பேச வேண்டி வந்தால் கூச்சப்பட்டு இங்கிலிஷுக்கு மாறுகிறவள் நான். பட்டப்படிப்பில் படித்த எந்தப் பாடமும் அன்றைக்கு உதவவில்லை, பெட்டாவில் சாமான் வாங்கிப் பழகிய சிங்களம் உதவியது.

ஆனால் எல்லாச் சொல்லையும் நம்ப வேண்டாம். மஸ் என்றால் சிங்களத்தில் இறைச்சி, அங்கே மீன். எங்கள் மாசி அந்தச் சொல்தான், அங்கிருந்து வந்த சாமான்தானே. இன்னொன்று நூன். திவேஹியில் நூன் என்றால் இல்லை, வேண்டாம். நான் நேரம் படிப்பிக்கும்போது மணிக்கூட்டின் இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் வைத்து, "இட் இஸ் நூன்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. முன் வரிசையில் ஒருத்தி எழும்பி மிகவும் கவலையோடு "மிஸ், நோ நூன், யெஸ்" என்று என்னைத் திருத்தினாள். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்து இல்லை இல்லை என்கிறாவே என்று நினைத்திருப்பாள், பாவம். அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் அந்தச் சொல் இல்லாமலே முடித்தேன்.

கொப்பி விஷயம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், குர்ஆன் வகுப்பிலும் அப்படித்தான். அதனால் ஒன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் இங்கிலிஷ் கொப்பியையும் பின்பக்கத்தால் திறப்பார்கள், எழுத்தை வலது ஓரத்தில் தொடங்குவார்கள். சின்ன b-யும் d-யும் திரும்பி நிற்கும். நான் முதல் மாதம் ஒவ்வொரு பக்கத்திலும் இடது மேல் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு சின்ன மீன் கீறி விடுவேன், மீன் இருக்கிற இடத்தில் தொடங்கு என்று. இரண்டாம் வகுப்பில் இது பெரும்பாலும் சரியாகியிருக்கும், ஆனால் லீவு முடிந்து வருகிற முதல் நாள் ஒன்றிரண்டு பேர் திரும்பவும் பின்பக்கம் போய்விடுவார்கள். திட்டாதீர்கள், அது சோம்பல் இல்லை.

எங்கள் நாட்டில் அரச பாடசாலையில் முதல் இரண்டு வகுப்பும் வாய்மொழி இங்கிலிஷ்தான், மூன்றாம் வகுப்பிலிருந்துதான் பாடமாகத் தொடங்கும். அங்கே அப்படி இல்லை. திவேஹி, இஸ்லாம் தவிர மற்றப் பாடமெல்லாம் இங்கிலிஷில். கணக்கு, சுற்றாடல் எல்லாம். ஆகவே உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் அது இங்கிலிஷில் மட்டும் நிற்காது, கணக்கிலும் புள்ளி விழும், தாய் உங்களைத்தான் கேட்பாள். எங்கே கேட்பாள்? கடையில். தீவைச் சுற்றி நடக்க எனக்கு 25 நிமிடம் போதும், வெங்காயம் வாங்கப் போனால் மூன்று தாய்மார். அதிலே ஒரு நன்மையும் உண்டு, இரண்டாவது வருடம் மீன் நான் காசு கொடுத்து வாங்கியதே குறைவு.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். சிலையை வீட்டிலேயே விடச் சொல்லுங்கள். வழிபாட்டுக்கான சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள், வந்து இறங்கிய முதல் நாளே அழ வேண்டாம். நான் ஃபோனில் ஒரு படம் வைத்திருந்தேன், கதவைச் சாத்திவிட்டுக் கும்பிடுவேன். வெள்ளி, சனி லீவு, ஞாயிறு வேலை. இதற்குப் பழக எனக்கு ஆறு மாதம் எடுத்தது, ஞாயிற்றுக்கிழமைக் காலை வீட்டுக்கு எடுத்தால் எல்லாரும் நித்திரை. நேரமும் எங்களைவிட அரை மணித்தியாலம் பின்னால்.

காசு பற்றிக் கேட்கவில்லை என்றாலும் இரண்டு வரி. சம்பளம் ரூஃபியாவில் வரும், ஒரு டொலர் அங்கே 15.42 என்று நிர்ணயித்த விலை. ஆனால் அந்த விலைக்கு வங்கியில் மாதம் எவ்வளவு டொலர் தருவார்கள் என்பதுதான் கேள்வி, அதை இப்போது அங்கே வேலை செய்கிற ஆளிடமே கேளுங்கள். பத்தரமுல்லையில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற வேண்டாம். என்னைக் கூட்டிப்போன ஏஜென்ட் தனி அறை என்றார், போய்ப் பார்த்தால் மூன்று பேருக்கு ஒரு அறை, கேட்டபோது ஃபோன் எடுக்கவே இல்லை. அறை விஷயம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கொப்பி எழுதியது:

இதற்குள் நானும் ஒன்று கேட்கிறேன், கொரியாவுக்கு எங்களை எடுப்பார்களா? சம்பளம் நல்லது என்கிறார்கள்.

குடைக்காரன் எழுதியது:

பழைய கொப்பி, கொரியாவில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற ஈ-2 விசா ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. எங்கள் பாஸ்போட்டோடு அந்த வழியால் போக முடியாது, கனவு காண வேண்டாம். ஜப்பானில் நாட்டைப் பார்ப்பதில்லை, ஆனால் 12 வருடம் இங்கிலிஷ் மொழிமூலம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் சின்னதிலிருந்தே கொழும்பில் இன்டர்நெஷனல் ஸ்கூலில் படித்தவன், அதனால் தப்பினேன். தமிழ் மொழிமூலம் படித்த என் மச்சானுக்கு என்னைவிட நல்ல இங்கிலிஷ், அவனுக்கு வாசலிலேயே முடிந்தது. இது எனக்கு இன்னும் எரிச்சல்.

தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். நான் ஜப்பானில் ஆரம்பப் பாடசாலைகளில் துணை ஆசிரியர், ஒரு கிழமைக்குள் மூன்று பாடசாலைக்கு மாறி மாறிப் போகிறேன். இங்கே 2020 ஏப்ரலில் இருந்து ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு இங்கிலிஷ் புள்ளி போடுகிற பாடம், வருடத்துக்கு 70 பாடவேளை. மூன்று நான்குக்கு 35, அது பாட்டும் விளையாட்டும். மாலைதீவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே அக்கா சொல்கிற பாரம் எனக்கு இல்லை, எனக்கு வேறு தலையிடி. இங்கே மெய்யெழுத்தில் சொல் முடிவது பிள்ளைகளின் வாய்க்குப் பழக்கமில்லை. மில்க் என்றால் மிருகு. பஸ் என்றால் பாசு. முதல் நாள் ஒரு பிள்ளை "மிருகு, மிருகு" என்று கையை உயர்த்தியபோது எந்த மிருகம் உள்ளே வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு யோசித்தால் எங்கள் அப்பம்மா பஸ்ஸு, பேங்கு, கேட்டு என்றுதானே சொல்லுவா. அன்றையிலிருந்து எனக்கு அவர்களைத் திருத்தும்போது குரல் ஏறுவதில்லை.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்றால், சாப்பாட்டு நேரம். இங்கே கன்டீன் இல்லை, பிள்ளைகளே வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டு வகுப்புக்குள் பரிமாறுவார்கள், நானும் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து அவர்களோடு சாப்பிடுவேன். யாராவது வராவிட்டால் ஒரு புடிங் மிஞ்சும். அதற்கு ஜங்கென், அதுதான் கல், கத்தரிக்கோல், கடதாசி விளையாட்டு. என்னையும் சேர்ப்பார்கள். ஒரு தடவை நான் வென்று புடிங்கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன், ரீச்சர் விட்டுக்கொடுப்பார் என்று நினைத்திருப்பார்கள் போல. அன்றைக்குப் பின்னேர வகுப்பில் அதுவரை வாய் திறக்காத ஒரு பெடியன் "யூ ஆர் பாட்" என்று முழு வசனம் சொன்னான். நான் அவனுக்கு ஸ்டிக்கர் கொடுத்தேன்.

கடலோரத்துப் பிள்ளை எழுதியது:

அக்கா, அந்த வயிற்றுவலிக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சிலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டார், விளக்கு மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது, அது அடுத்த சண்டை. அறை பற்றி ஒப்பந்தத்தில் தேடினேன், தங்குமிடம் என்று ஒரு சொல்தான் இருக்கிறது, எத்தனை பேர் என்று இல்லை. நாளைக்கு ஃபோன் பண்ணி எழுத்தில் கேட்கப் போகிறேன். குடைக்காரன் அண்ணா, மிருகுக்கு நான் பஸ்ஸில் இருந்து தனியாகச் சிரித்தேன், பக்கத்து ஆள் எழும்பிப் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று. இங்கிருந்து வகுப்புக்கு என்ன கொண்டுபோகட்டும்? படக் காட்களா, கதைப் புத்தகங்களா? விமானத்தில் நிறை அளவு இருக்கிறதே.

மாசிச்சம்பல் எழுதியது:

கடையில் வாங்கிய படக் காட்களைக் கொண்டுபோக வேண்டாம். நான் இரண்டு கிலோ சுமந்து போனேன். ஏ என்றால் ஆப்பிள், டி என்றால் ட்ரெயின், எஃப் என்றால் ஃபார்ம். பிள்ளைகளுக்கு ட்ரெயினைத் தெரியாது, அந்த நாட்டில் ரயிலே இல்லை. பசுவைக் காட்டி மலை ஏறுகிற பாடம் சொன்னால் பசுவும் விளங்காது மலையும் விளங்காது, தீவின் உயரமான இடம் பாடசாலை மாடிப்படி. பிறகு அந்தக் காட்களின் பின்பக்கத்தில் தோணி, தூண்டில், நண்டு, ரொஷி என்கிற அவர்களுடைய ரொட்டி, மஸ்ஹூனி என்று நானே கீறினேன். மஸ்ஹூனி என்பது மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காயும் பிசைந்தது, அங்கே காலைச் சாப்பாடு, எங்கள் ரொட்டி சம்பல் மாதிரியே, முதல் நாள் சாப்பிட்டபோது கண் கலங்கியது. அதைச் செய்கிற முறையை இங்கிலிஷில் சொல்ல வைத்தேன், கட், ஸ்க்ரேப், மிக்ஸ், ஸ்க்வீஸ். ஒரு கிழமையில் நான்கு வினைச்சொல்லும் ஒருத்தர் மிச்சமில்லாமல் வந்தது. இன்னொரு நாள், வளையமாக இருக்கிற பவளத் தீவுக் கூட்டத்துக்குச் சொல்கிற அட்டோல் என்கிற சொல்லை இங்கிலிஷ்காரர் உங்களிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று சொன்னேன். பெடியங்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தாங்களே இங்கிலிஷைக் கண்டுபிடித்த மாதிரி.

ஆகவே வெள்ளைக் காட், நல்ல மார்க்கர், இரண்டு கத்தரிக்கோல், ஒரு கட்டு ஸ்டிக்கர். மிச்ச நிறைக்கு மிளகாய்த்தூள், யாழ்ப்பாணத்துத் தூள், வறுத்து அரைத்தது. அதற்கு அங்கே மாற்று இல்லை. கடல் கொந்தளிப்பான மாதங்களில் போகிறீர்கள் என்றால் மாலேயிலிருந்து போகிற ஸ்பீட் போட்டில் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். வாந்திக் குளிசையை ஏற முன்னமே போட்டுவிடுங்கள்.

காலி வீதி மாமா எழுதியது:

சரி பிள்ளை, போகிறதென்று முடிவெடுத்தாயிற்று, நல்லபடி போய் வாரும். லீவில் வரும்போது ஒரு கிலோ மாசி. காசு தருகிறேன்.